முறுக்குப் புரதமும் ஒரு போலி லைசினும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. பல வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டி வரச் சொன்னார்கள். இப்போது ஆளே வேண்டாமாம். ஹீமோகுளோபின் 9.8 இருக்கிறது, இரும்பு ஊசி போட்டுக்கொண்டு சில வாரம் கழித்து வாருங்கள் என்கிறார் டாக்டர். சும்மா அலைக்கழிக்கிறாரா?"

இல்லை. உங்கள் அம்மாவுக்கு நல்ல டாக்டர் வாய்த்திருக்கிறார்.

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க, தெம்பா இருக்கும்" என்று டாக்டரிடம் கெஞ்சும் உறவினர்களைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் டானிக் அல்ல. இன்னொருவரின் உயிருள்ள செல்கள் அவை. ஏற்றினால் காய்ச்சல், ஒவ்வாமை, இதயத்துக்குத் திடீர் சுமை எல்லாம் வரக்கூடும். உயிர் போகும் நேரத்தில் அதற்கு ஈடில்லை என்பது வேறு விஷயம். இடுப்பு எலும்பு முறிந்த 2016 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கியதுமே ரத்தம் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு 8-க்குக் கீழே போனாலோ, ரத்தக்குறைவால் தொந்தரவு தெரிந்தாலோ மட்டும். அறுபது நாள் கழித்துப் பார்த்தால், எழுந்து நடப்பதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆகவே இன்று கணக்கு வேறு. முதலில் சொந்த ரத்தத்தைப் பெருக்கு, பிறகு சிந்தாமல் காப்பாற்று. பெருக்கும் வேலைக்குத்தான் அந்த இரும்பு ஊசி. எலும்பு மஜ்ஜை புதிய செல்களைச் செய்து முடிக்கச் சில வாரம் பிடிக்கும், அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார். இதற்குப் பதில் பீட்ரூட் சாறு போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி. அதற்கும் ரத்தச் சிவப்புக்கும் உறவே கிடையாது. சிவப்பு சிவப்பைக் கொடுக்கும் என்ற இந்த நம்பிக்கை, 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருக்கும் தமிழ்நாட்டில் இன்னும் ஓடுகிறது என்பதில் எனக்குத் தீராத எரிச்சல்.

பெரிய இதய அறுவை சிகிச்சைகளில், சிந்திய ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திருப்பி ஏற்றும் இயந்திரமும் உண்டு. நான் சொல்ல வந்தது ரத்தம் சிந்தாமல் காக்கும், அதைவிட எளிய ஒரு மருந்தைப் பற்றி.

காயம் பட்டதும் ஃபைப்ரின் என்ற நூல்கள் வலையாகப் பின்னி ரத்தத்தை நிறுத்துகின்றன. இது பள்ளிப் பாடம். அந்த வலையைப் பின்னும்போதே அறுப்பதற்கும் ஆள் வந்துவிடுகிறது என்பதுதான் சுவாரசியம். பிளாஸ்மினோஜன் என்ற புரதம் ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அதன் உடலில் ஐந்து சுருள்கள். பார்ப்பதற்கு ஸ்காண்டிநேவியப் பலகாரமான 'கிரிங்கிள்' போல இருப்பதால் விஞ்ஞானிகள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கண்டுபிடித்திருந்தால் கைமுறுக்கு என்றிருப்போம். இந்த முறுக்குகளில் உள்ள குழிக்குள் லைசின் என்ற அமினோ அமிலம் கச்சிதமாகப் பொருந்தும். ஃபைப்ரின் நூலில் லைசின்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முறுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நொதி அதைத் தட்டி எழுப்ப, பிளாஸ்மின் என்ற கத்தரிக்கோல் பிறக்கும். அது வெட்டிய இடத்தில் புதிய லைசின் முனைகள் தலைநீட்டும். அவற்றைப் பிடிக்க இன்னும் பல பிளாஸ்மினோஜன்கள் வரும். ஒரு வெட்டு பத்து வெட்டுக்கு வழி விடும். அறுவை சிகிச்சையில் திசுக்கள் காயப்படும்போது தட்டி எழுப்பும் நொதி ஏராளமாக வெளிவருவதால், மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

இங்கே நுழைகிறது அந்த மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம். ஒரு முனையில் நேர்மின் சுமை, மறுமுனையில் எதிர்மின் சுமை, நடுவில் ஒரு கரிம வளையம். இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் லைசினை அப்படியே ஒத்திருக்கிறது. ஓடி வந்து முறுக்கின் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான லைசினுக்கு இடமில்லை, பிளாஸ்மினோஜனால் வலையைப் பிடிக்க முடியாது. தன்னைவிட 500 மடங்குக்கு மேல் எடையுள்ள புரதத்தை இந்தத் துக்கடா மூலக்கூறு ஏமாற்றிவிடுகிறது! வளையத்தின் இரு பக்கமாக முனைகள் எதிரெதிரே இருக்கும் வடிவம் மட்டுமே நன்றாக வேலை செய்யும். வேதியியலில் எதிரெதிர்ப் பக்கம் என்பதை 'டிரான்ஸ்' என்பார்கள்; பெயரின் தொடக்கத்தில் 'டிரான்' இருப்பதற்குக் காரணம் அதுதான். கவனியுங்கள், இது ரத்தத்தை உறைய வைக்கவில்லை. உறைந்ததைக் கரைய விடாமல் காக்கிறது.

1962-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உட்டாகோ, ஷோசுகே ஒக்காமோட்டோ தம்பதியர். பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களைக் காப்பாற்றுவது அவர்கள் கனவு. அதைச் சோதித்துப் பார்க்க மகப்பேறு மருத்துவர்களை அவர்களால் சம்மதிக்க வைக்க முடியவில்லை. மருந்தோ மலிவு, காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. கோடிகள் கொட்டி ஆராய எந்தக் கம்பெனிக்கு அவசரம்? விபத்துக் காயங்களில் 20,211 பேரிடம் நடந்த பெரிய சோதனை 2010-இல்தான் முடிந்தது, அதுவும் முக்கியமாக பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதியால். இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், தாமதித்தால் கெடுதல் என்பதும் தெரியவந்தது. இப்படிப்பட்ட மலிவு மருந்துகளை ஆராய அரசுப் பணம் இல்லாவிட்டால் வேறு யார் பணம் வரும்? தாய்மார்களிடம் நடந்த சோதனையில் ரத்தப்போக்கால் சாவது 1.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆனது. அந்த முடிவு 2017-இல் வெளியானது. உட்டாகோ 2016-இல், 98 வயதில் காலமாகியிருந்தார்.

எல்லா ரத்தப்போக்குக்கும் இது உதவாது. குடல், இரைப்பை ரத்தக்கசிவில் பலனில்லை என்று 2020-இல் தெரிந்தது. மூட்டு மாற்றுக்கு நன்றாகவே உதவுகிறது. அம்மாவுக்கு முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருந்தால், வலிப்பு வந்திருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இரும்பு ஊசி போடும் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.