முக்கிளை நரம்பு: ஒரே சூலில் பிறந்த மூவர்

முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் ஆங்கிலப் பெயர் 'டிரைஜெமினல்'. அந்தச் சொல்லில் 'டிரை' என்பது மூன்று என்று யாருக்கும் உடனே பிடிபட்டுவிடும். மிச்சமுள்ள பாதிதான் அழகானது. மிதுன ராசியை ஜெமினி என்கிறோமே, அதே வேர். லத்தீனில் 'ஜெமினஸ்' என்றால் இரட்டைப் பிள்ளை. 'டிரைஜெமினஸ்' என்றால் ஒரே சூலில் பிறந்த மூவரில் ஒருவர். டென்மார்க்கில் பிறந்து பாரிசில் வாழ்ந்த உடற்கூறியலாளர் வின்ஸ்லோ, 1732இல் வெளியான தம் நூலில் மூளையிலிருந்து நேரே கிளம்பும் மண்டை நரம்புகளில் ஐந்தாவதான இதைப் பிரெஞ்சில் 'ட்ரிஜுமோ' என்று எழுதினார். அதற்கும் அதே பொருள்தான். ஆக, பெயருக்குள் இருப்பது மரமும் கிளையும் அல்ல, பிள்ளைப்பேறு.

அப்படியானால் தமிழில் 'முக்கிளை நரம்பு' என்பது பிழையா? இல்லை என்பேன். கிளை என்ற தமிழ்ச் சொல்லுக்கு மரக்கொம்பு என்ற பொருளோடு உறவு, சுற்றம் என்ற பொருளும் உண்டு. உறவினரைக் கிளைஞர் என்கிறோம். பிரிந்து செல்வதையும் உடன்பிறப்பையும் ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. லத்தீன் சொல்லில்கூட இந்த வசதி கிடையாது. 'முப்பெருநரம்பு' என்றும் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு மூன்று தனித்தனிப் பெரிய நரம்புகள் என்று தோன்றிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இது ஒரே நரம்பு, 12 இணை மண்டை நரம்புகளில் அளவில் மிகப் பெரியது.

மூளைத்தண்டின் 'பான்ஸ்' பகுதியின் பக்கவாட்டில் இது வெளிவருகிறது. உணர்வைக் கொண்டுவரும் வேர் தடித்தது. மெல்லும் தசைகளை இயக்கும் வேர் மெல்லியது. காதுப்பக்கத்துப் பொட்டெலும்பின் கெட்டியான பாறைப்பகுதி நுனியைத் தாண்டியதும், மூளையுறை மடிந்து உண்டான ஒரு சிறு பைக்குள் நரம்பு நுழைகிறது. 1748இல் இந்த நரம்பைப் பற்றி ஆய்வேடு எழுதிய மெக்கலின் பெயரால் அது 'மெக்கல் குகை' எனப்படுகிறது. குகைக்குள் பிறை வடிவில் நரம்பணுத்திரள் ஒன்று. மூன்று பிள்ளைகளும் பிரிவது அங்கேதான்.

விழிக்கிளை கண்குழியின் மேற்பிளவு வழியாகப் போகிறது. மேல்தாடைக்கிளை ஆப்பெலும்பின் வட்டத்துளை வழியாக. கீழ்த்தாடைக்கிளை முட்டைத்துளை வழியாக நேரே கீழே இறங்குகிறது, இயக்க வேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு. மெல்லும் வேலை இந்த ஒருவனுக்கு மட்டும்தான்.

மண்டையோட்டு அடித்தள அறுவையில் இந்த மூவரையும் தனித்தனியே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மண்டையோட்டின் உள்தரை முன்குழி, நடுக்குழி, பின்குழி என மூன்று பள்ளங்களாக இருக்கிறது. நடுக்குழியின் தரையில் மூளையுறையை உயர்த்திக்கொண்டு போகும்போது கீழ்த்தாடைக்கிளைதான் வழிகாட்டி. அதற்குச் சற்றுப் பின்னால் நடு மூளையுறைத் தமனி ஏறிவரும் சிறு துளை இருக்கும். ஜப்பானிய மருத்துவர் கவாசே 1985இல் விவரித்த வழியில், இந்தக் கிளைக்குப் பின்னால் பாறைப்பகுதி எலும்பைச் செதுக்கி மூளைத்தண்டின் முன்பக்கத்தை எட்டுகிறார்கள். அந்த எலும்புக்கடியில் உள்கழுத்துத் தமனி ஓடுகிறது. சில மில்லிமீட்டர் தவறினாலும் பெரிய விபரீதம்.

குகையின் வாய் பின்குழிப் பக்கம் திறந்திருக்கிறது. அதனால் இந்த நரம்பின் உறையிலிருந்து வளரும் கட்டி பின்குழியில் ஒரு பாதியும் நடுக்குழியில் ஒரு பாதியுமாக, பாறை விளிம்பில் இடுப்பு சிறுத்து, டம்பெல் போல நிற்பதுண்டு. ஒரு குழிக்குள் மட்டும் புகுந்தால் மறுபாதி மிஞ்சிவிடலாம்.

அறுவையின்போது நரம்பை இழுத்தாலோ அழுத்தினாலோ இதயத்துடிப்பு சட்டென்று குறையும், இரத்த அழுத்தமும் இறங்கும். முகத்தின் உணர்வு நரம்புக்கும் இதயத்துக்கும் மூளைத்தண்டுக்குள் இப்படி ஒரு தொடர்பு. மயக்கமருந்து மருத்துவர் குரல் கொடுத்ததும் கையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும்.

இழப்பும் கிளைக்குக் கிளை வேறு. கீழ்த்தாடைக்கிளையின் இயக்க இழைகள் போனால், வாயைத் திறக்கும்போது தாடை பாதிக்கப்பட்ட பக்கமே சாயும். மேல்தாடைக்கிளை போனால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகும். நான் அதிகம் அஞ்சுவது விழிக்கிளைக்குத்தான். அது அறுந்தால் கருவிழிக்கு உணர்வு இருக்காது; தூசி விழுந்தாலும் தெரியாது, புண் வந்தாலும் வலிக்காது. அதே பக்கம் ஏழாவதான முகநரம்பும் செயலிழந்து இமை மூடாமல் போனால் பார்வையே பறிபோகலாம். முகம் மரத்துப்போகலாம் என்று மட்டும் நோயாளியிடம் சொல்லி நிறுத்துவது போதாது, எந்தக் கிளை என்றும் சொல்ல வேண்டும்.

சரி, எழுதும்போது? நரம்புக்கு முக்கிளை நரம்பு. கிளைகளுக்கு விழிக்கிளை, மேல்தாடைக்கிளை, கீழ்த்தாடைக்கிளை. முகத்தில் மின்னல் போல வெட்டும் 'டிரைஜெமினல் நியூரால்ஜியா'வுக்கு முக்கிளை நரம்புவலி.