ஸ்கிராம்பிளிங்: தமிழில் தொற்றியேறல்

மலையில் நடந்து போகிறோம். ஓரிடத்தில் சரிவு செங்குத்தாகிவிடுகிறது. கால் மட்டும் போதவில்லை, கையாலும் பாறையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அங்கே நடை முடிந்து ஸ்கிராம்பிளிங் தொடங்குகிறது. கயிறு இல்லாமல் பெரும்பாலோர் ஏறத் துணியாத இடம் வந்தால் அது பாறையேற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தச் சொல் இருக்கிறது. கையும் காலும் ஊன்றித் தட்டுத்தடுமாறி ஏறுவது ஒரு பொருள். கிடைப்பதைப் பிடிக்க முண்டியடிப்பது இன்னொரு பொருள். பிறாண்டுவதைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த ஒரு சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கிளறிய முட்டைக்கும், போர் விமானிகள் அபாயச் சங்கு கேட்டு விமானத்துக்கு ஓடுவதற்கும் பிற்பாடு இதே சொல் போனது. மலையேறிகள் முதல் பொருளை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த தடுமாற்றத்தை விட்டுவிட்டார்கள். நன்றாக ஏறத் தெரிந்தவரிடம் தடுமாற்றமே இருக்காது.

இந்தச் சொல்லை விளக்க வட வேல்ஸின் எரரி (ஆங்கிலத்தில் ஸ்நோடோனியா) மலைகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனின் மலையேறும் கழகங்கள் நெடுங்காலமாக வந்துபோகும் இடம் அது. 1898இல் தொடங்கிய கிளைம்பர்ஸ் கிளப் 1925இல் ஓக்வென் பள்ளத்தாக்கில் ஹெலிக் என்ற குடிலையே தனக்கென ஏற்படுத்திக்கொண்டது. இன்றும் கழகங்கள் ஒரு நாள் பயணமாக வந்தால் பலமுறை தேர்ந்தெடுப்பது டிரவன் மலையைத்தான். ஏ5 சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு வடமுகட்டில் ஏறத் தொடங்குவார்கள். அங்கே ஒற்றைத் தடம் என்று எதுவும் கிடையாது. எந்தப் பிடி தாங்கும், எது அசைகிறது, இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். எனக்கு இதுதான் ஸ்கிராம்பிளிங்கின் உயிர். உடல் பலம் அதற்கு அடுத்ததுதான். 917 மீட்டர் உச்சியில் ஆதாம், ஏவாள் என்று இரண்டு கற்கள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறவர்களும் உண்டு. அப்புறம் கணவாய்க்கு இறங்கி, பிரிஸ்ட்லி முகடு வழியாக 994 மீட்டர் கிளடர் வாஹ் மலைக்குப் போவார்கள்.

பிரிட்டனில் இதற்கு மூன்று தரங்கள் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு முகடுகளும் முதல் தரம். பழகியவர்கள் கயிறில்லாமலே ஏறுவார்கள். மூன்றாம் தரத்தில் பெரும்பாலும் கயிறு வேண்டும். ஆனால் முதல் தரம் என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வேல்ஸின் மிக உயர்ந்த மலையான ஸ்நோடனுக்கு அருகிலுள்ள கிரீப் கோஹ் முகடும் முதல் தரம்தான். இரு பக்கமும் பள்ளம் விழும் அந்தக் கூரிய முகட்டில் உயிரிழந்தவர்கள் பலர். தரம் சொல்வது ஏறும் கடினத்தை. விழுந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மலையேற்றம் என்றால் போதாது. மலைநடையையும் அதே சொல்லால் குறிக்கிறோம். தவழ்ந்தேறுதல் என்றால் குழந்தை ஊர்வது நினைவுக்கு வரும். பற்றியேறுதல் பொருந்தும், ஆனால் ‘பற்றி’ என்றதும் ‘குறித்து’ என்று மனம் படித்துவிடுகிறது. ஓடும் பேருந்தில் தொற்றிக்கொண்டான் என்கிறோம், மரத்தில் தொற்றி ஏறினான் என்கிறோம். கைப்பிடியின் பலத்தில் உடலை மேலே கொண்டுபோவதைச் சொல்ல ‘தொற்று’ என்ற வினை ஏற்கெனவே நம் பேச்சில் இருக்கிறது. அதனால் என் தேர்வு தொற்றியேறல். தொற்றேற்றம் என்று சுருக்க வேண்டாம்; நோய்த்தொற்று கூடிவிட்டதாகப் படிப்பார்கள்.

வடமுகடு முதல் தரத் தொற்றியேறல் என்று எழுதினால் இயல்பாகவே இருக்கிறது. வந்த வழியே திரும்புவதைத் தொற்றியிறங்கல் எனலாம். கால் வைக்கும் இடம் கண்ணில் படாததால், ஏறுவதைவிட இறங்குவதுதான் பலருக்கும் கடினம்.