பெட்டி வந்த வழியும் ஓட்டுநர் திரும்பிய வழியும்

அட்லாண்டா பக்கம் கம்மிங் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு விமானம் மாறிப் போனதில் என் பெட்டி ஒன்று வரவில்லை. மறுநாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு பெண் தன் சொந்தக் காரில் கொண்டுவந்தார். சீருடை இல்லை, பின் சீட்டில் குழந்தை இருக்கை. வாசலில் பெட்டியை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். யார் இவர்கள்? பெட்டி எப்படி இவர் கைக்குப் போனது?"

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் பட்டையில் 10 இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் பட்டையின் வகை, அடுத்த மூன்றும் விமான நிறுவனம், மீதி ஆறும் வரிசை எண். தவறிப்போய்ப் பின்னால் அனுப்பப்படும் பெட்டிக்கு 2 என்று தொடங்கும் அவசரப் பட்டை ஒட்டுவார்கள். நீங்கள் கவுன்டரில் புகார் கொடுக்கும்போது நிறத்துக்கு இரண்டு எழுத்து, வடிவத்துக்கு ஓர் எண் என்று பதிவாகும். உலகம் முழுக்க விமான நிலையங்கள் பயன்படுத்தும் 'வேர்ல்ட்டிரேசர்' என்ற அமைப்பு, இந்தப் புகாரையும் எங்கோ கேட்பாரற்று நிற்கும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கும். இதை நடத்தும் சீட்டா நிறுவனத்தின் கணக்குப்படி 2007இல் ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் 19 பெட்டிகளில் கோளாறு நடந்தது. 2024இல் அது 6.3. அந்தக் கோளாறுகளில் ஐந்தில் இரண்டு, விமானம் மாறும் இடத்தில்தான் நடக்கிறது. உங்களுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

(என் உறவினர் ஒருவர் பெட்டி தொலையாமல் இருக்கக் கைப்பிடியில் கருப்புக் கயிறு கட்டுவார். போன பயணத்தின் பார்கோடு ஒட்டல்களை மட்டும் கிழிக்கவே மாட்டார். ஸ்கேனரைக் குழப்புவது அந்த ஒட்டல்கள்தான். கயிறு என்ன செய்யும்?)

சரி, பெட்டி அட்லாண்டாவுக்கு வந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கென்று சம்பளம் கொடுத்து வேன்களை நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது. ஒருநாள் நாலு பெட்டி இருக்கும். மறுநாள் கோடை இடிமழையில் விமானங்கள் தாமதமானால் நூற்றுக்கணக்கில் குவியும். அதனால் சொந்தக் கார் வைத்திருக்கிற யாரும் ஆப்பில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அட்லாண்டாவில் 2014இல் தொடங்கிய ரோடி இந்த வகை நிறுவனம். டெல்டா போன்ற விமான நிறுவனங்களின் தாமதப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது. 2021இல் யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம் அதை வாங்கியது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். எந்தப் பெட்டியை எந்தப் பெட்டியோடு சேர்த்து ஒரே காரில் ஏற்றுவது?

பதினைந்து வீடுகள் என்றால், எந்த வரிசையில் போகலாம் என்பதற்கு 1,30,767 கோடிக்கு மேல் வழிகள். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் விருந்தாளி ஊர் திரும்பிவிடுவார். பெட்ரோல் லாரிகளை பெட்ரோல் பங்க்குகளுக்கு அனுப்பும் சிக்கலாக டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959இல் இதை எழுதினார்கள். 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் கழித்தல் கணக்கு அது.

முதலில், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கார் தனியாகப் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, இரண்டிரண்டாகச் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வடக்கே ஆல்பரெட்டா உத்தேசமாக 35 மைல். அதையும் தாண்டி கம்மிங் 50 மைல். இரண்டு ஊருக்கும் இடையே 15. தனித்தனியாகப் போய்வந்தால் 70ம் 100ம் சேர்த்து 170 மைல். ஒரே கார் போனால் 35, 15, 50 என்று 100 மைல். மிச்சம் 70.

இப்போது தெற்கே 25 மைலில் இருக்கும் பீச்ட்ரீ சிட்டியை ஆல்பரெட்டாவோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக விமான நிலையப் பக்கமாகத்தான் வர வேண்டும், 60 மைல். தனித்தனியாக 120, சேர்த்தாலும் 120. மிச்சம் பூஜ்யம்! வடக்கு தெற்கு எதுவும் தெரியாத கணினிக்கு, எந்த ஊர் எந்தத் திசை என்பதை இந்த ஒரு கழித்தல் சொல்லிவிடுகிறது. வரைபடமே தேவையில்லை. பதினைந்து வீட்டுக்கு 105 ஜோடிதான். மிச்சம் அதிகமான ஜோடியிலிருந்து ஆரம்பித்து, டிக்கியில் இடம் இருக்கும்வரை கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான். கிடைப்பது ஆகச் சிறந்த வழி என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்தத் துறையில் இன்றும் ஆரம்பப் பாடம் இதுதான். "இந்தக் கணிதத்தால் என்ன பயன்" என்று ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கும்போது கேட்பவர்களை, ஒருநாள் ராத்திரி மாற்று வேட்டி இல்லாமல் அட்லாண்டாவில் இறக்கிவிட வேண்டும்.

ஆனால் கிளார்க்கும் ரைட்டும் சொன்ன வண்டி கிளம்பிய இடத்துக்கே திரும்பும். சொந்தக் கார்க்காரர் அப்படியல்ல. கடைசிப் பெட்டியை வைத்ததும் அவருடைய வேலை முடிந்தது. பொதுவாகக் கூலியும் அதோடு முடிந்தது. பேச்சுக்கு, மைல் கணக்கில் கூலி என்றே வைத்துக்கொள்வோம். பீச்ட்ரீ சிட்டியையும் ஆல்பரெட்டாவையும் ஒருவரிடம் கொடுத்தால் 25ம் 60ம், ஆக 85 மைலுக்குக் காசு. இரண்டு பேரிடம் கொடுத்தால் 25ம் 35ம், ஆக 60 மைல்தான். எல்லா வண்டியும் விமான நிலையத்துக்குத் திரும்பினால் சாலையில் ஓடுவது இரண்டிலும் அதே 120 மைல். நிறுவனத்தின் ஏட்டில் மட்டும் 25 மைல் மறைந்துபோகிறது. அதை ஓட்டுநரின் பெட்ரோல் டாங்கில் தேட வேண்டும்.

பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, தொழிலுக்குக் கார் ஓட்டும் செலவை 2025க்கு மைலுக்கு 70 சென்ட் என்று அமெரிக்க வருமான வரித்துறை கணக்கு வைத்தது. கம்மிங்கிலிருந்து விமான நிலையத்துக்கு வெறும் காரோடு திரும்பினால் 35 டாலர். இதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சூத்திரத்தையும் சிக்கனமானது என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த யோசனை பிறந்தபோது அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியும் அந்தப் பக்கம் போகிறவரிடம் பொருளைக் கொடுத்துவிடுவது என்பதுதான் மூல எண்ணம். ஊருக்குப் போகிறவரிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறோமே, அதேதான். விமான நிலையப் பக்கம் வேலை பார்த்துவிட்டு கம்மிங்கில் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர் என்றால், திரும்பும் தூரம் நிஜமாகவே பூஜ்யம்.

ஆக, வாசகரே, உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிய அந்தப் பெண்ணின் கார் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பியது? பக்கத்துத் தெருவுக்கா, நெடுஞ்சாலைக்கா?