மூக்கைப் பொத்திக்கொண்டு ‘மாமா’ சொல்லிப் பாருங்கள்

மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ‘மாமா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பாபா’ போலக் கேட்கும். அப்படியே ‘பாட்டி’ என்று சொன்னால் ஒரு மாற்றமும் தெரியாது. மெல்லினத்துக்கு மூக்கு வழியே காற்றுப் போகவேண்டும், வல்லினத்துக்குப் போகக்கூடாது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று நாம் இன எழுத்தாகப் படித்த ஜோடிகளைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த மூக்கு வாசல்தான். அண்ணத்தில் பிளவோடு பிறக்கும் பிள்ளைக்கு அந்த வாசலை மூட முடிவதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அப்படி ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. கிரகணத்தன்று தாய் வெளியே போனதால்தான் என்று வீட்டில் பேச்சு. அந்தத் தாய் அழுததைப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உலகெங்கும் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது.

கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. இரு பக்கமிருந்தும் திசுக்கள் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகின்றன. மேலுதடு ஏறத்தாழ ஏழாவது வாரத்தில் சேர்ந்துவிடும். அண்ணத்தின் இரு பாதிகளும் முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கும். நாக்கு தாழ்ந்ததும் அவை மேலெழுந்து கிடையாகி, பன்னிரண்டாவது வாரமளவில் ஒட்டிக்கொள்ளும். இதில் எங்கே தடங்கல் வந்தாலும் பிளவு மிஞ்சும். மரபணுக்கள் உட்படக் காரணங்கள் பல.

உதட்டுச் சத்திரசிகிச்சையைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வார்கள். ஒரு துண்டு இல்லாமல் போய்விட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாம் இருக்கிறது, இடம் மாறி இருக்கிறது. வாயைச் சுற்றி வளையமாக ஓடவேண்டிய தசை அறுபட்டு, அதன் நுனிகள் மூக்கடியில் ஒட்டிக் கிடக்கும். அவற்றை விடுவித்து ஒன்றோடொன்று தைக்கவேண்டும். அமெரிக்க வைத்தியர் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் வகுத்த முறையில், பிளவுக்கு நடுப்பக்கமாக மேலே இழுபட்ட உதட்டை வளைவாக வெட்டிக் கீழே திருப்புவார்கள். அதனால் வரும் இடைவெளியை கன்னப்பக்கத் திசுவை நகர்த்தி நிரப்புவார்கள். மூக்குக்குக் கீழே எல்லோருக்கும் உள்ள மேட்டுக்கோட்டின் மீதே தையல் விழுவதுதான் இதன் அழகு.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வெளியே தெரியாத அண்ணத் தையல். பின்அண்ணத்துத் தசைகள் நடுவில் சந்தித்து, ஒரு தூளிபோல அண்ணத்தைத் தூக்கி மூக்கு வழியை அடைக்கவேண்டும். பிளவில் அவை முன்னோக்கி ஓடி எலும்பின் ஓரத்தில் பற்றியிருக்கும். எவ்வளவு சுருங்கினாலும் தூக்காது. ‘பாட்டி’ என்பது ‘மாண்ணி’ ஆகிவிடும். வெறும் ஓட்டையை மூடினால் போதாது. அந்தத் தசைகளைப் பிரித்து, குறுக்காகத் திருப்பி, பின்னால் இணைக்கவேண்டும். காதுக்குப் போகும் குழாயைத் திறப்பதும் அங்குள்ள தசைதான். அதனால் செவிக்குள் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம், அதையும் சோதிக்கவேண்டும்.

எப்போது செய்வது? பேச்சு வரும் முன்பே செய்தால் பேச்சுக்கு நல்லது. ஆனால் அண்ணத்தில் விழும் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுக்கலாம். இதற்கு வலுவான சான்று கிடைத்தது நம் இலங்கையில்தான். 1980களில் பிரித்தானியப் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ், தெற்கே காலி நகரில் சத்திரசிகிச்சையே பெறாமல் வளர்ந்தவர்களை ஆராய்ந்தார். அவர்களின் மேல்தாடை நன்றாகவே வளர்ந்திருந்தது. சிகிச்சையில்லாமல் வாழ்ந்த அவர்கள் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறார்கள்! பேச்சு, தாடை வளர்ச்சி இரண்டையும் எடைபோட்டு, பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணத்தை மூடுகிறார்கள். பிறகு 8 வயதுக்கு மேல், வேட்டைப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறின் பிளவில் வைப்பதும் உண்டு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

அப்புறம் பேச்சுப் பயிற்சி. தமிழ் பேசும் பிள்ளைக்கு அது தமிழில்தான் நடக்கவேண்டும், ஏனென்றால் அவள் வீட்டில் சொல்லப்போவது ‘பாட்டி’யும் ‘பப்பா’வும்.

எங்கள் மாடிப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. தாய் அவளின் மூக்கடியில் சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்து ‘பாட்டி’ சொல்லச் சொல்கிறார். மூக்கால் காற்றுக் கசிந்தால் கண்ணாடியில் ஆவி படியும். போன கிழமை படியவில்லை. ‘சட்டை’க்குத்தான் இன்னும் கொஞ்சம் படிகிறது.