கந்தோரில் கேட்க வேண்டியது கடதாசியை

போன வருடம் மாரிக்கு முன், பக்கத்து வளவு மாமி ஒரு கொப்பி ஒற்றையோடு வந்தார். அவருடைய வயல் வாய்க்காலின் மதகு உடைந்து இரண்டு போகம் ஆகிவிட்டது. மேலே தண்ணீர் திறந்தால் அவர் துண்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி ரோட்டில் ஓடிவிடும். விதானையாரிடம் சொல்லி, கமக்காரர் அமைப்பில் சொல்லி, தேர்தல் நேரம் வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லி அலுத்துப்போய்விட்டார்.

"தம்பி, ஆர்.ரி.ஐ. எண்டு ஒண்டு இருக்காமே. எங்கட மதகை ஏன் இன்னும் கட்டேல்லை எண்டு கேட்டு எழுதித் தா."

ஆர்.ரி.ஐ. என்றால் அரச கந்தோரிடம் தகவலைக் கேட்டுப் பெற வழி தரும், இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வியை எழுதவில்லை. "ஏன்" என்று கேட்டால் "பணம் வரவில்லை, வந்ததும் செய்யப்படும்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியோடு சட்டப்படி அவர்கள் கடமை முடிந்துவிடும். அதற்குப் பதிலாக நாங்கள் எழுதியது இப்படி: குறித்த வாய்க்காலில் 2022 முதல் இன்றுவரை செய்த திருத்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகை, கொடுத்த தொகை, மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட அறிக்கையின் பிரதி. கந்தோரில் கோவையைத் திறந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. நடுவில் மழுப்ப இடம் இல்லை. இந்தச் சட்டத்தின் முக்கால்வாசிச் சூட்சுமம் இதுதான்.

சட்டத்தின் முழுப்பெயர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. அந்த நாட்களை வன்னிச் சனம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும். அதற்கு மூன்று நாள் முன்னர்தான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள். அதே பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கினார்கள். அவர்களும் ஒரு பட்டியலைத்தான் கேட்டார்கள்: படையிடம் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியல். தகவல் உரிமை என்பது கொழும்புப் பத்திரிகைக்காரரின் விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2015இல் 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்தது. அதிலிருந்து தகவலைப் பெறுவது பிரசைக்கு அடிப்படை உரிமை. எங்கள் பக்கத்தில் கந்தோர் வேலை என்றால் முதலில் தெரிந்த ஆளைத் தேடுவோம், அல்லது எம்.பி.யின் கடிதத்துக்கு அலைவோம். அந்தப் பழக்கத்துக்கு இந்தச் சட்டம் நேர் எதிர். யாரைத் தெரியும் என்பது இங்கே கணக்கில்லை. அதனால்தானோ என்னவோ, இதைச் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்க அரசியல்வாதிகள் எவரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை.

மாமியோடு நானும் போயிருந்தேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கியவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு?"

காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. தொடர்பு கொள்ளத் தேவையான பெயர், முகவரி தவிர வேறு எந்தச் சொந்த விபரமும் கேட்கக்கூடாது. மாமி அதைச் சொல்லவில்லை. "தண்ணிக்குத்தான் ஐயா" என்றார். பிறகு திகதி முத்திரை குத்திய பற்றுச்சீட்டு வந்தது. அந்தத் துண்டை வாங்காமல் படியிறங்கக்கூடாது. நாள் கணக்கு அங்கேயிருந்துதான் ஓடத் தொடங்கும். நேரே போக வசதியில்லையா, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் தபால் துண்டை வைத்திருங்கள்.

ஆர்.ரி.ஐ. 01 என்று ஒரு படிவம் உண்டு. அது இல்லாமல் வெறும் கடிதமாகவும் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது, விண்ணப்பங்களைக் கவனிக்கும் தகவல் அலுவலரின் கடமை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017இல் வந்த விதிப்படி முதல் நான்கு பக்கப் பிரதிகள் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்குச் சிறு தொகை. கோவையை நேரில் பார்ப்பதென்றால் முதல் மணித்தியாலத்துக்குக் காசில்லை. பெரிய கோவை என்றால் முதலில் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் கேட்பது கெட்டித்தனம். "எங்களுக்குத் தகவல் அலுவலர் இன்னும் போடவில்லை" என்றால் அதுவும் செல்லாது. நியமிக்கும் வரை அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலர். அலுவலர் யார், தொடர்பிலக்கம் என்ன என்பதைக் கந்தோரில் கண்ணில் படும்படி ஒட்டியும் வைக்க வேண்டும்.

தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே பதிலைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது என்பது சாட்டு அல்ல.

நாள் கணக்கு: 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தர வேண்டும். பெரிய வேலை என்றால் மேலும் 21 நாள் வரை நீட்டலாம். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்துத்தான் வேலை நாள், அதனால் கலண்டரைப் பார்த்து எண்ணுங்கள். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்ற நிலைமைக்கு அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்களில் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால், மறுத்துவிட்டால், அரைகுறையாகத் தந்தால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவரவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை. அங்கே மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கந்தோருக்குத்தான். கேட்டவருக்கு இல்லை.

மறுப்புக்குப் பல காரணங்கள் 5ஆம் பிரிவில் உண்டு: மற்றவரின் அந்தரங்கம், வணிக இரகசியம், தேசிய பாதுகாப்பு என்று போகும். வன்னியில் அடிக்கடி வந்து நிற்கக்கூடியது கடைசியாகச் சொன்னது. ஆனால் "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். அதோடு 5(4) என்று ஒரு உபபிரிவு இருக்கிறது: தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கை விடப் பெரிதென்றால், கொடுத்தே ஆக வேண்டும். படைமுகாமுக்குள் எத்தனை ஆள், என்ன ஆயுதம் என்று கேட்டால் மறுப்பார்கள், மறுக்கட்டும். முகாம் இருக்கிற காணி எந்த உத்தரவின் பேரில், எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுத்த கடிதம் எங்கே என்பது வேறு கேள்வி. சுதந்திரமான நாட்டில் அரசு ஒருவரின் காணியில் நிற்கிறதென்றால் அதற்கு ஒரு கடதாசியாவது இருக்க வேண்டும். கடதாசி இல்லை என்ற பதிலும் ஒரு பதில்தான். அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

வன இலாகா எல்லைக்கல் போட்ட காணிகளுக்கும் இதே வழிதான். "எங்கட காணி எப்படிக் காடாச்சு" என்று கேட்டால் நியாயம் இருக்கும், பதில் இருக்காது. வர்த்தமானி இலக்கம், திகதி, நில அளவை வரைபடத்தின் பிரதி, அறிவித்தலுக்கு முன் பிரதேச செயலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று தனித்தனியாகக் கேளுங்கள். வர்த்தமானியை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் 28 நல்ல பாடம். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்டாவிட்டால் அரச காணியாகிவிடும் என்று அறிவித்தல் வந்தது. அதில் முல்லைத்தீவுக்கு மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். இடம்பெயர்ந்து காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்குள் எங்கே போவது? சத்தம் எழும்பி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

வெளிநாடு என்றதும் ஒன்று. விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். கனடாக் குடியுரிமை எடுத்து இங்கத்தையதை விட்ட மகன் விண்ணப்பிக்க முடியாது. ஊரில் இருக்கிற தாய் போடலாம்.

பெயரைக் கொடுத்தால் யாரும் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களோ என்ற பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். அதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. உறுப்பினரில் முக்கால்வாசிக்குக் குறையாதவர்கள் பிரசைகளாக உள்ள அமைப்பும் விண்ணப்பிக்கலாம். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் என்று ஏதோ ஒன்றின் பெயரில் போனால், தனி ஆளின் தலையில் விழாது.

கந்தோர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை, ஒரே ஆளுக்கு மூன்று மேசை, அதற்குள் இதுவும் ஒன்று என்று அலுத்துக்கொள்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் 9ஆம் பிரிவை யாரும் தூக்கிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. வெளிநாட்டுப் பணம் என்றால் ஒரு இலட்சம் டொலருக்கு மேல். அதைச் செய்து பலகையில் ஒட்டினால் பாதி விண்ணப்பம் வரவே வராது. வெளிநாட்டு அரசோ சர்வதேச நிறுவனமோ பெருமளவு பணம் கொடுத்து, மக்களுக்குச் சேவை செய்கிற தொண்டு நிறுவனங்களும் அந்தச் சேவை பற்றிய தகவலைத் தர வேண்டியவைதான். போருக்குப் பின் வன்னியில் எத்தனை பெயர்ப்பலகை நட்டார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மாமிக்குப் பதில் நீட்டித்த 21 நாளும் முடியும் தறுவாயில் வந்தது. மூன்று பக்கம், காசு இல்லை. மதிப்பீடு இருந்தது, கொடுத்த தொகையும் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் வேலை நிறைவு அறிக்கை, கறுப்பு வெள்ளையில் ஒரு மதகின் படம். மாமி கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது நல்லாத்தான் கட்டியிருக்கினம்," என்றார். "ஆனா தம்பி, எங்கட வாய்க்கால் கரையில எங்க பனை நிக்குது?"

இப்போது குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போயிருக்கிறது. அதில் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: அந்தப் படம் எடுத்த இடத்தைக் காட்டும் வரைபடத்தின் பிரதி.