திருவாதிரையைச் சுற்றிய வானம்

மஞ்சள் புருவக் கதிர்க்குருவியின் எடை ஏறத்தாழ 6 கிராம்தான். சைபீரியக் காடுகளில் கோடையைக் கழித்துவிட்டு, குளிர் இறங்குவதற்குள் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கிளம்பிவிடும். ஆனால் செப்டம்பர் கடைசியில் பிரிட்டனின் கிழக்குக் கரையோரப் புதர்களில் பொறுமையாகப் பார்த்தால், இறக்கையில் இரண்டு வெளிர்மஞ்சள் பட்டைகளோடு அதே குருவி பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். போக வேண்டிய இடம் ஒரு மூலை, வந்து நிற்பது மறு மூலை. அதுவும் எப்போதோ ஒன்று வழிதவறி வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் வருகிறது.

இலையுதிர் காலத் தொடக்கத்தில்தான் இப்படிப்பட்ட அபூர்வ விருந்தாளிகள் அதிகம் தட்டுப்படுகிறார்கள். வசந்தத்திலும் வலசை உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அப்போது பறப்பவை ஒரு குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தவை, வழியை ஒருமுறையாவது பார்த்தவை. செப்டம்பர் வானத்தில் போகும் கூட்டத்திலோ பெரும்பகுதி அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள். காட்டு வாத்துக் குஞ்சுகளுக்குப் பெரியவர்கள் துணைக்கு வருவார்கள். சின்னஞ்சிறு பாடும் பறவைகள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐரோப்பியக் குயிலின் பாடு இன்னும் மோசம். அடுத்தவர் கூட்டில் வளர்ந்து, பெற்றவர்கள் முகத்தையே பார்க்காமல், தன்னந்தனியாக இரவில் ஆப்பிரிக்காவை நோக்கிப் பறக்கிறது.

அப்படியானால் வழி சொல்லிக் கொடுத்தது யார்?

பகல் சுருங்கத் தொடங்கியதும் உடம்பில் சுரப்பிகள் முடுக்கிவிடப்படுகின்றன. குருவி அகோரப் பசியோடு தின்று கொழுப்பைச் சேர்க்கும். கூண்டில் அடைத்து வைத்தாலும் இரவெல்லாம் தூங்காமல் தத்தித் தத்தித் தவிக்கும். இந்தத் தவிப்பு எந்தத் திசையில் என்று அளப்பதற்கு 1966-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லெனும் அவர் தந்தையும் ஒரு கருவி செய்தார்கள். கருவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்: புனல் போலச் சுருட்டிய காகிதம், அடியில் ஒரு மைப்பட்டை, அவ்வளவுதான். பறவை எம்பும்போதெல்லாம் காகிதச் சரிவில் காலடி பதியும். பிறகு விரித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் மை அடர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அது போக ஏங்கியிருக்கிறது.

எம்லென் அதோடு விடவில்லை. இண்டிகோ பண்டிங் என்ற குருவியின் குஞ்சுகளைச் செயற்கை வானத்தின் கீழ் வளர்த்தார். அந்த வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றவில்லை; திருவாதிரையைச் சுற்றியது. இலையுதிர் காலம் வந்ததும் குஞ்சுகள் திருவாதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 'தெற்கே' போகத் துடித்தன. சுழலாத புள்ளியை விட்டு விலகிப் போ என்ற விதிதான் பிறவியில் வருகிறது. அந்தப் புள்ளி எது என்பதைக் குஞ்சு வானத்தைப் பார்த்துப் படித்துக்கொள்கிறது.

திசையும் இரத்தத்தில் வருவதுதான். கருந்தலைக் கதிர்க்குருவிகளில் தென்மேற்கே போகும் கூட்டமும் உண்டு, தென்கிழக்கே போகும் கூட்டமும் உண்டு. இரண்டையும் இணை சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் நடுவில், ஏறக்குறைய நேர் தெற்கே போக முயன்றன.

ஆக, குஞ்சிடம் இருப்பது ஒரு திசையும், எத்தனை நாள் பறக்க வேண்டும் என்ற ஒரு கணக்கும். நிலப்படம் கிடையாது. இதை அழகாகக் காட்டியவர் நெதர்லாந்தின் பறவை ஆய்வாளர் பெர்டெக். ஹேக் நகரத்துப் பக்கம் வலசையில் இருந்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முடிவுகள் 1958-ல் வெளிவந்தன. அனுபவப்பட்ட பறவைகள் இடம் மாறிவிட்டதைக் கண்டுகொண்டு, வடமேற்கே திரும்பி வழக்கமான ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தன. குஞ்சுகள் ஒன்றும் நடக்காததுபோல அதே தென்மேற்குத் திசையில் பறந்து ஸ்பெயின் வரை போய்விட்டன. பாவம், அவை ஒரு தப்பும் செய்யவில்லை. தொடங்கிய இடம்தான் தப்பு.

இப்போது அந்த விமானத்தின் இடத்தில் காற்றை வைத்துப் பாருங்கள். தெளிந்த இரவில் கிளம்பிய கூட்டத்தைப் பக்கக் காற்று கடலுக்கு மேலே தள்ளிவிடும். விடியும்போது மழையோ மூடுபனியோ மறித்தால், கண்ணில் படும் முதல் நிலத்தில் எல்லாம் பொத்தென்று இறங்கிவிடும். பறவை நோக்குபவர்கள் மழை இரவுக்கு மறுநாள் காலையில் கடலோரப் புதர்களுக்கு ஓடுவது இதனால்தான். 2023 செப்டம்பரில் லீ சூறாவளியின் மிச்சம் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, வட அமெரிக்கக் குருவிகள் பல பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வந்து இறங்கின.

பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை அறியும் திறனும் பறவைகளுக்கு உண்டு. அந்தக் காந்த உணர்வும் ஏமாறும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரக்குடிசைகளில் வைத்த ராபின் பறவைகளுக்குத் திசையே பிடிபடவில்லை. குடிசைக்கு அலுமினியத் தகடு அடித்து, மின்கருவிகள் கிளப்பும் மின்காந்த இரைச்சலைத் தடுத்த பிறகு சரியாகிவிட்டது. அப்புறம், பூமியின் காந்தப்புலம் கலங்கும் நாட்களில் வழிதவறிய பறவைகள் கூடுதலாகக் காணப்படுவதாக 2023-ல் ஓர் அமெரிக்க ஆய்வும் சொன்னது. பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டும்போது எழுதிவைத்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பார்த்த ஆய்வு அது. காந்தக் கலக்கமும் வழிதவறலும் சேர்ந்து வருகின்றன என்பதற்கு மேல் அதிலிருந்து இழுத்துப் பேசக் கூடாது.

ஆனால் சைபீரியக் குருவி பிரிட்டனுக்கு வருவதைக் காற்றின் தலையில் மட்டும் போட முடியாது. அவ்வளவு தூரத்தை அது தானாகவேதான் பறந்து கடக்கிறது. பிறவித் திசையே சிலவற்றில் தலைகீழாக அமைந்துவிடுகிறது என்பது ஒரு பழைய விளக்கம். அப்படித் தப்பாகப் பிறந்த குஞ்சு எங்கோ கடலில் விழுந்து சாகும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள்.

ரிச்சர்டு நெட்டைக்காலி அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்தது. இதுவும் சைபீரியாவில் பிறந்து ஆசியாவின் தெற்கே போக வேண்டிய பறவைதான். தெற்கு பிரான்சில் குளிர்காலத்தைக் கழித்த சிலவற்றின் உடலில் சிறு பதிவுக் கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, அவை சைபீரியா வரை போய்க் கோடையைக் கழித்துவிட்டு, அடுத்த குளிர்காலத்துக்கு மறுபடி பிரான்சுக்கே வந்து சேர்ந்திருந்தன.