வாய், தொண்டைப் புற்றுநோய்: காப்பீட்டு அட்டையோடு எங்கே போவது, எதை முதலில் செய்வது?

நடவுக்குப் போகிற பெண்களின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, சீவல், ஒரு கிள்ளு புகையிலை. காலையில் வயலில் இறங்குமுன் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மதியம் வரை பசி தெரியாது. பாபநாசம் பக்கம் என் பெரியம்மா நாற்பது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தார். புகையிலை அடக்குகிற அதே இடது கன்னத்தில்தான் புண் வந்தது. "பல்லு குத்துனது தம்பி, உப்புத் தண்ணி கொப்பளிச்சாப் போயிடும்" என்று நாலு மாதம் ஓட்டிவிட்டார்.

மூன்று வாரம் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொடர்ந்து கம்மிய குரல், கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், ஒரு பக்கம் மட்டும் காது வலி. இவற்றில் எது இருந்தாலும் கொப்பளிப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாயைப் பரிசோதிப்பார்கள், காசு கிடையாது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் போடுகிறவர்களும் தப்ப முடியாது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ அறிவித்துவிட்டது.

இனி பணத்துக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் 2018 முதல் இதோடு சேர்ந்தே நடக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையிடமோ வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோரும் இதில் அடக்கம். ஆனால் அவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும்.

நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். பெரியம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதைத் திருத்த அலைந்ததில் பதினோரு நாள் போனது. பயாப்ஸிக்குச் சதை எடுத்த அன்றே இந்த வேலையை ஆரம்பித்திருக்கலாம். ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தது எங்கள் முட்டாள்தனம். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். அட்டை பயன்படாமல் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

அட்டை கைக்கு வரும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். தனியார் என்றால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி பெற்றவை அல்ல. அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு மேலே கையில் காசு கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். வண்டிச் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, போன கூலி இதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

எங்கே போவது? இந்த நோய்க்கு ஒரு டாக்டர் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர், புற்றுநோய் அறுவை நிபுணர், கதிர்வீச்சு மருத்துவர், கட்டியை வெட்டி எடுத்த இடத்தில் நெஞ்சிலிருந்தோ கையிலிருந்தோ தசை வைத்துத் தைக்கிற பிளாஸ்டிக் சர்ஜன், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சி தருகிறவர் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். "எல்லோரும் கூடிப் பேசுவீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டெல்டாக்காரர்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. தூரம் போகத் துணிந்தால் புதுச்சேரி ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். காரைக்கால்காரர்கள் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வருவதால் அவர்களுக்குத் தமிழ்நாட்டு அட்டை கிடையாது. ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய ஊரில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், சரி. கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு வாரம், மொத்தம் 30 முதல் 35 தடவை போக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஒன்றரை மாதம் சென்னையில் வாடகை கொடுத்துத் தங்க எல்லோராலும் ஆகுமா? அதனால் முதல் நாளே இரண்டு மருத்துவமனைகளிலும் பேசி, கதிர்வீச்சை ஊர்ப் பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இடம் மாறினால் காப்பீட்டுக்கான முன் அனுமதியைப் புதிய மருத்துவமனை தனியாக வாங்க வேண்டும். தொகை மட்டும் அதே 5 லட்சத்திலிருந்துதான் கழியும்.

கதிர்வீச்சுக்கு முன் பல்லைக் காட்டியாக வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு சுலபத்தில் ஆறாது. பின்னால் பல் பிடுங்கினால் எலும்பே அழுகிப்போகலாம். ஆடுகிற பல், சொத்தைப் பல்லை எல்லாம் முன்கூட்டியே எடுத்து, புண் ஆற இரண்டு வாரம் விட வேண்டும். பெரியம்மாவுக்கு ஆறு பல் எடுத்தார்கள். "வெத்தல மெல்லவா போறேன், எடுத்துக்கட்டும்" என்றார்.

சிகிச்சைக்காக ரயிலில் போய் வரச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணத்தில் 100 சதவீதம், துணைக்குப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த பரிசோதனைக்கான படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. குரல்வளையை எடுத்துவிட்டவர்களை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு உள்ளவர்களாகவே சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கொடுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கான வழியைச் சொல்வார்கள். ஆபரேஷன் ரிப்போர்ட்டின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள். கவுண்டரில் கேட்கிற கேள்விக்குக் குரல்வளை எடுத்தவரால் வாயால் பதில் சொல்ல முடியாது, விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.